கையேட்டைப் புதுப்பிப்பது எடுபிடி வேலையன்று

சென்னையில் பெருங்குடியிலிருந்து தரமணி வரையில் ராஜீவ் காந்தி சாலையின் இரு மருங்கிலும் எழுந்து நிற்கும் மென்பொருள் நிறுவனங்களில், கட்டற்ற இயங்குதளங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஓர் அபிப்பிராயம் எவருடைய ஆட்சேபமும் இன்றி ஒப்புக்கொள்ளப்பட்டுவிடுகிறது. நிரல் எழுதத் தெரிந்தவர் நிரல் எழுதட்டும். அதற்கு இன்னும் பக்குவப்படாதவர், புதிதாக வந்து சேர்ந்தவர், கல்லூரியை இப்போதுதான் முடித்தவர் ஆவணங்களைத் திருத்தட்டும். அதிலும் நிறுவல் கையேட்டைப் புதுப்பிப்பது மிகச் சுலபம், பழைய பதிப்பின் எண்ணை எடுத்துவிட்டுப் புதிய எண்ணைப் போட்டு, நாலு படங்களை மாற்றிவிட்டால் காரியம் முடிந்தது என்பதே அந்த அபிப்பிராயம். கட்டற்ற மென்பொருளின் மீது பகைமை கொண்டவர்கள் இதைச் சொல்லவில்லை. அதை நேசிப்பவர்களும், அதற்காகத் தங்கள் விடுமுறை நாட்களைக் கொடுப்பவர்களும், புதியவர்களை அன்போடு கைபிடித்து அழைத்து வருபவர்களுமே சொல்கிறார்கள். நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதனாலேயே இது கேள்வியின்றிப் பரவியிருக்கிறது. அதனாலேயே இதை மறுப்பதும் அவசியமாகிறது. இது அடியோடு தவறு என்பதும், இதனால் நேரும் நஷ்டத்தைச் சுமப்பவர் எழுதுகிற நாம் அல்ல, நம் எழுத்தை நம்பித் தம்முடைய ஒரே கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சாமானிய வாசகரே என்பதும் என் துணிபு.

எண்ணை மாற்றினால் போதும் என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். டெபியன் என்ற இயங்குதளம் 1993-இல் தொடங்கியது. உபுண்டு அதன் வழியில் பிறந்தது. சி-டாக் ஸ்தாபனத்தின் சென்னைக் கிளை உருவாக்கி 2007-இல் முதற்பதிப்பை வெளியிட்ட பாஸ் லினக்ஸும் அதையே அடித்தளமாகக் கொண்டது. ஆதலால் டெபியனில் நேரும் ஒரு மாறுதல், அதை ஆதாரமாகக் கொண்டு எழுதப்பட்ட எத்தனையோ கையேடுகளைத் தொட்டுச் செல்கிறது. 2019-ஆம் ஆண்டு ஜூலையில் வந்த அதன் பத்தாம் பதிப்புக்குப் பஸ்டர் என்றும், 2021 ஆகஸ்டில் வந்த பதினோராம் பதிப்புக்குப் புல்ஸ்ஐ என்றும் பெயர். நிறுவிய கணினி எந்தக் களஞ்சியத்திலிருந்து மென்பொருள்களைப் பெறவேண்டும் என்பதை ஒரு கோப்பில் சில வரிகளாக எழுதி வைப்பது வழக்கம். அவற்றுள் ஒரு வரி பொதுக் களஞ்சியத்தையும், இன்னொரு வரி பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் களஞ்சியத்தையும் சுட்டும். பஸ்டர் வரையில் அந்த இரண்டாம் வரியில் பதிப்பின் பெயரை அடுத்து ஒரு சாய்கோடும் ‘அப்டேட்ஸ்’ என்ற சொல்லும் இருந்தன. புல்ஸ்ஐயில் அந்த முறையே மாறிப்போய், பெயரை அடுத்து ஒரு சிறு கோடும் ‘செக்யூரிட்டி’ என்ற சொல்லும் வந்தன.

பழைய கையேட்டில் பஸ்டர் என்று வரும் இடமெல்லாம் புல்ஸ்ஐ என்று மாற்றிவிட்டுத் தம் கடமை முடிந்தது என்று எண்ணிய ஒருவர் என்ன செய்தவர் ஆகிறார் என்று யோசித்துப் பாருங்கள். பொதுக் களஞ்சியத்தின் வரி சரியாகிவிட்டது; பாதுகாப்புக் களஞ்சியத்தின் வரியோ இல்லாத ஓர் இடத்தைக் காட்டுகிறது. கணினி நிறுவப்படுகிறது, உலாவி திறக்கிறது, பாட்டுக் கேட்கிறது, அச்சு எடுக்கிறது. புதுப்பிக்கும் கட்டளையை இடும்போது இருபது வரிகளுக்கு நடுவில் ஒரு பிழைச் செய்தி ஓடிப்போகிறது. மற்றவை எல்லாம் நடப்பதால் புதியவர் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அன்று முதல் அந்தக் கணினிக்கு ஒரு பாதுகாப்புத் திருத்தமும் வந்து சேராது. அவர் கையேட்டில் எழுதியிருந்தபடியே ஒவ்வொரு எழுத்தையும் பிசகாமல் அடித்தவர். தவறு அவருடையது அன்று. கையேட்டைப் ‘புதுப்பித்த’வர் புதிய பதிப்பைத் தம் கணினியில் ஒருமுறையேனும் நிறுவிப் பார்த்து, புதுப்பிக்கும் கட்டளையை இட்டு, திரையில் வந்ததை நிதானமாகப் படித்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் அகப்பட்டிருக்கும் பிழை அது. எண்ணை மாற்றுவது வேறு, கையேட்டைப் புதுப்பிப்பது வேறு என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேண்டியதில்லை.

இன்னும் ஒரு படி மேலே சென்று, ஓர் எழுத்துக்கூட மாறாமலேயே ஒரு வாக்கியம் மெய்யிலிருந்து பொய்யாகிவிடக் கூடும் என்பதையும் சொல்லவேண்டும். சென்ற ஆண்டின் பஞ்சாங்கத்தில் அச்சுப்பிழை ஒன்றும் இல்லாதிருக்கலாம். கணித்தவர் மகா பண்டிதராகவும் இருக்கலாம். ஆயினும் அதைப் பார்த்து இந்த ஆண்டு முகூர்த்தம் வைப்பவர் எவரும் இல்லை. நிறுவல் கையேட்டின் இயல்பும் அதுவே. அதன் சொற்கள் அசையாமல் நிற்க, அவை குறிக்கும் உலகம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. பல பழைய கையேடுகளில், ஹார்ட் டிஸ்க்குக்கு ‘எஸ்டிஏ’ என்றும், செருகிய பென்டிரைவுக்கு ‘எஸ்டிபி’ என்றும் பெயர் வரும் என்று எழுதி, இயங்குதளப் படிமத்தை ‘டிடி’ என்ற கட்டளையால் எஸ்டிபியில் எழுதுமாறு சொல்லியிருப்பார்கள். ஒரே ஒரு டிஸ்க் பொருத்திய அந்நாளைய கணினியில் அது சத்தியமான வாக்கு. இன்றைய மடிக்கணினியிலோ டிஸ்க் என்விஎம்ஈ வகையைச் சேர்ந்தது. அதன் பெயர் வேறு விதமாக வரும். ஆதலால் பென்டிரைவே எஸ்டிஏ ஆகிவிடுகிறது, எஸ்டிபி என்ற பெயரில் கருவியே இருப்பதில்லை. அங்கே நஷ்டம் ஒன்றுமில்லை, குழப்பம்தான். ஆனால் வீட்டு மேஜைக் கணினியில் இரண்டாவதாக ஒரு டிஸ்க்கைப் பொருத்தி, அதில் கல்யாணப் புகைப்படங்களையும் பிள்ளைகளின் சான்றிதழ் நகல்களையும் சேர்த்து வைத்திருக்கும் குடும்பத்தில் எஸ்டிபி என்பது எது? அந்த இரண்டாவது டிஸ்க்தான். டிடி கட்டளை ‘நிச்சயமாகவா?’ என்று கேட்பதில்லை. என்டர் விசையைத் தட்டிய மாத்திரத்தில் எழுதத் தொடங்கிவிடும். அது எழுதி முடிக்கும்போது அங்கே இருந்தவை திரும்பி வரமாட்டா. கருவிகளின் பட்டியலை முதலில் எடுத்து, அளவைப் பார்த்து எது பென்டிரைவ் என்று உறுதி செய்துகொண்ட பிறகே எழுதுங்கள் என்ற ஒரு வரியைச் சேர்ப்பதற்கு, இப்படியும் கணினிகள் உண்டு என்று கண்ட அனுபவம் வேண்டும். அந்த அனுபவம் புதிதாக வந்தவரிடம் இராது.

இதற்கு ஒரு சமாதானம் சொல்வார்கள். இக்காலத்து இயங்குதளங்களில் நிறுவும் நிரலே எல்லாவற்றையும் கேட்டுச் செய்துவிடுகிறது. ‘அடுத்து’, ‘அடுத்து’ என்று அழுத்திக்கொண்டே போனால் போதும். கையேடு எதற்கு என்பார்கள். இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. நிறுவும் நிரல்கள் உண்மையிலேயே வியக்கத்தக்க அளவுக்கு முன்னேறியிருக்கின்றன. பார்ட்டிஷன் பிரிப்பதற்கு அஞ்சிய காலம் மலையேறிவிட்டது. ஆனால் நிறுவும் நிரல் வாய் திறந்து பேசுவதற்கு முன்னால் கணினி அந்தப் பென்டிரைவிலிருந்து எழும்பி வரவேண்டும் அல்லவா? எந்தப் படிமத்தை இறக்குவது, அது பழுதின்றி வந்து சேர்ந்ததா என்று எப்படிச் சரிபார்ப்பது, பென்டிரைவில் எப்படி எழுதுவது, பயாஸ் அமைப்பில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற இத்தனையும் நிறுவும் நிரலின் ஆட்சிக்கு வெளியே உள்ளவை. வாசகர் மிகுந்த பயத்தோடு இருக்கும் அந்தக் கட்டத்தில் அவருக்குத் துணை கையேடு ஒன்றே. நிரல் எவ்வளவு நேர்த்தியானதாயினும் அது தொடங்கும் முன்னரே மனிதர் பின்வாங்கிவிட்டால் அந்த நேர்த்தியால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

பெருங்குடியில் நான் குடியிருக்கும் தெருவில் வாடகை விடுதி ஒன்றில் தங்கிப் படிக்கும் மாணவர் ஒருவர், இரவு பத்து மணிக்கு மடிக்கணினியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, “அண்ணா, லினக்ஸ் போடலாம்னு ஆரம்பிச்சேன், இப்ப விண்டோஸும் வரமாட்டேங்குது, ஏதோ நம்பர் கேக்குது” என்றார். நீலத் திரையில் நாற்பத்தெட்டு இலக்கமுள்ள மீட்புச் சாவியைக் கேட்டுக்கொண்டிருந்தது, விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர். அவர் படித்த கையேடு, முதல் வேலையாக, அங்கீகாரமில்லாத இயங்குதளம் எழும்பாமல் தடுக்கும் செக்யூர் பூட்டை நிறுத்தச் சொல்லியிருந்தது. அது எழுதப்பட்ட காலத்தில் அந்த அறிவுரைக்குக் காரணம் இருந்தது. விண்டோஸ் 8 வந்த 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல லினக்ஸ் பதிப்புகள் செக்யூர் பூட் இயங்கும்போது எழும்பவில்லை. டெபியனே 2019-இல்தான் அதற்கு இடம் கொடுத்தது. இன்று முக்கியமான பதிப்புகளுக்கு அந்தப் படி அனாவசியம். அனாவசியம் மட்டுமன்று, அபாயமும்கூட. ஏனெனில் புதிய விண்டோஸ் கணினிகளில் டிஸ்க் பெரும்பாலும் பூட்டியே வருகிறது, செக்யூர் பூட் நிலை மாறியதைக் கண்டால் யாரோ அந்நியர் கை வைத்துவிட்டார் என்று அது சாவியைக் கேட்கிறது. சாவி இருப்பதோ, கணினி வாங்கிய அன்று கடைக்காரர் ஏதோ ஒரு மின்னஞ்சலில் தொடங்கிக் கொடுத்த கணக்கில். செக்யூர் பூட்டை மறுபடி இயக்கியவுடன் விண்டோஸ் ஒன்றும் கேட்காமல் திறந்துகொண்டது. பரிகாரம் ஒரே வரி. அந்த ஒரு வரி அந்தக் கையேட்டில் இல்லாமையால், மறுநாள் காலையில் ஒப்படைக்க வேண்டிய பாடம் அதற்குள் அகப்பட்டுக்கொண்டதே என்று அந்தப் பிள்ளை இரண்டு மணி நேரம் கலங்கிப்போயிருந்தார். இத்தகைய ஓர் இரவுக்குப் பிறகு அவர் கட்டற்ற மென்பொருளைப் பற்றி எந்த அபிப்பிராயத்தோடு திரும்பிப் போவார் என்பதை, சுதந்திரத்தைப் பற்றி மேடைகளில் விரிவாகப் பேசுகிற நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

காலமும் இப்போது அலட்சியத்துக்கு ஏற்ற காலமாக இல்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், ஏறத்தாழ 2018-க்குப் பிந்திய செயலியும் வேண்டும். அதற்கு முந்திய கணினிகள், விசைப்பலகை தேயாமல், திரை மங்காமல் நன்றாகவே இயங்குகின்றவைகூட, ஒரே நாளில் ஆதரவற்றவை ஆகிவிட்டன. 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அடுத்து வந்த ஆண்டுகளில் ஐம்பது லட்சம் அளவுக்கு மடிக்கணினிகள் மாணவர்களின் வீடுகளுக்குச் சென்றன என்பதையும், தொடக்கத்தில் கொடுத்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது என்பதையும் நினைவுகூர்ந்தால் விஷயத்தின் பரிமாணம் விளங்கும். நான் பார்க்க நேர்ந்த அந்த மடிக்கணினிகளில் பலவற்றில் அந்த இரண்டாவது இயங்குதளம் ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை. கொடுத்தவர்கள் நிரலைக் கொடுத்தார்கள். அதைத் திறப்பதற்குத் துணையாக, தம்பி தங்கைகள் வாசித்தால் விளங்கும்படியான நாலு பக்கத்தை யாரும் அவர்கள் கையில் வைக்கவில்லை. நிறுவனங்கள் கழித்துவிடும் மடிக்கணினிகள் சென்னை ரிச்சி தெருவுக்கு வந்து, ஏழை மாணவர் வாங்கக்கூடிய விலைக்கு அங்கே கிடைக்கின்றன. இவற்றையெல்லாம் மேலும் ஐந்தாறு ஆண்டுகள் உழைக்கச் செய்ய வல்லது ஒரு கட்டற்ற இயங்குதளமும், அதை நிறுவுவதற்கு இன்றைய தேதியில் சரியாக இருக்கும் ஒரு கையேடும். அவ்விரண்டில் முன்னது நம்மிடம் தாராளமாக இருக்கிறது.

இந்த இடத்திலும் பழைய அறிவுரைகள் குறுக்கே நிற்கின்றன. ‘பழைய கணினி என்றால் 32 பிட் படிமத்தை இறக்குங்கள்’ என்று எத்தனையோ பக்கங்களில் எழுதியிருக்கிறது. 2011-க்குப் பின் வந்த மடிக்கணினிகள் பெரும்பாலும் 64 பிட் செயலி உடையவை. அவற்றுக்கு அந்த யோசனை எப்போதுமே தேவைப்படவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் பதின்மூன்றாம் பதிப்பிலோ 32 பிட் கணினிகளுக்கான நிறுவல் படிமமே கிடையாது. வைஃபை விஷயமும் அவ்வாறே. வைஃபை சில்லுக்கு வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பைத் தனியே தேடி இறக்கி, இன்னொரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று டெபியனைப் பற்றி எழுதிய கையேடுகள் எல்லாம் சொல்லிவந்தன. கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேரை அதிகாரபூர்வமான படிமத்தோடு சேர்க்கலாமா என்ற நெடுநாள் தர்க்கத்துக்கு 2022 அக்டோபரில் அதன் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவு கண்டார்கள்; 2023 ஜூனில் வந்த பன்னிரண்டாம் பதிப்பிலிருந்து அது படிமத்தோடேயே வருகிறது. இதை அறியாத பழைய கையேடு, கம்பி இணைப்பு இல்லாத விடுதி அறையில் இருக்கும் மாணவரை, இனி வேண்டாத ஒரு கோப்பைத் தேடி அலைய வைக்கிறது.

ஆகவே, கையேட்டைப் புதுப்பிப்பது என்றால் அதில் சொல்லிய ஒவ்வொரு படியையும், வாசகரிடம் இருக்கக்கூடிய கணினியைப் போன்ற ஒரு கணினியில், மீண்டும் முதலிலிருந்து செய்து பார்த்து, நடந்ததற்குச் சாட்சியாக நிற்பது. அது எழுத்து வேலை என்பதைவிடப் பரிசோதனை வேலை என்பதே பொருந்தும். நிரலில் ஒரு வரியை மாற்றினால் அதைச் சோதிக்கத் தானியங்கிச் சோதனைகள் உண்டு. மாற்றியவர் தவறினாலும் அவை எச்சரிக்கும். கையேட்டின் வாக்கியத்துக்கு அத்தகைய காவல் எதுவும் இல்லை. படிப்பவரின் டிஸ்க்தான் அதன் சோதனைக் களம். காவல் குறைந்த இடத்தில் அனுபவம் மிகுந்தவரை நிறுத்துவது நியாயமா, அனுபவமே இல்லாதவரை நிறுத்துவது நியாயமா என்று நான் கேட்கிறேன்.

புதியவரை இகழ்வதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். கையேட்டின் குறைகளைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு இணையானவர் எவரும் இல்லை. பத்து ஆண்டு பழகியவரின் கண் தாண்டிச் செல்லும் இடத்தில் அவர்தான் தடுக்கி விழுகிறார். எங்கே விழுந்தோம் என்பதை அவர் எழுதித் தருவது பெரிய உபகாரம். ஆனால் விழுந்த இடத்தைக் காட்டுவதும், அங்கே எந்த வாக்கியத்தை எழுதினால் இனி ஒருவரும் விழமாட்டார் என்று நிர்ணயிப்பதும் ஒன்றல்ல. பின்னதற்கு, தம் கணினியில் நடந்தது பிறர் கணினியிலும் நடக்குமா, எந்தச் சூழ்நிலையில் நடக்காது, நடக்காவிட்டால் வாசகர் எந்தக் கதியில் இருப்பார் என்ற விவேகம் வேண்டும். மூத்தவர் பக்கத்தில் அமர்ந்து இளையவரைத் தடுக்கி விழச்செய்து, அவர் சொல்வதைக் கேட்டுத் தாம் எழுதினால் அது நல்ல ஏற்பாடு. இன்றைய வழக்கமோ அதற்கு நேர்மாறானது: இளையவர் எழுதுகிறார், மூத்தவர் படித்துக்கூடப் பாராமல் ஒப்புதல் கொடுத்துவிடுகிறார்.

உலகத்தில் இதை வேறு விதமாகக் கருதுகிற சமூகங்களும் உண்டு. ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை உருவாக்குவோர், கையேட்டில் உள்ள பிழையை நிரலில் உள்ள பிழைக்குச் சமமாகவே நடத்துகிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒவ்வொரு வெளியீட்டோடும், ஒவ்வொரு வகைக் கணினிக்கும் உரிய நிறுவல் குறிப்பும் உடன் வருகிறது. நிரலில் ஒரு நடத்தையை மாற்றியவர் அதற்குரிய கையேட்டுப் பக்கத்தையும் மாற்றவேண்டும் என்பது அங்கே பழக்கம். ஆர்ச் லினக்ஸ் 2012 ஜூலையில் தன் நிறுவும் நிரலையே கைவிட்டது. 2021-இல் மறுபடி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும் வரையில், ஒன்பது ஆண்டுகள் அளவுக்கு, அதன் நிறுவல் வழிகாட்டியே நிறுவும் நிரலின் ஸ்தானத்தில் இருந்தது. ஒரு பக்கத்து எழுத்தை நம்பி எண்ணற்றோர் தங்கள் கணினிகளை அமைத்தார்கள். அந்தப் பக்கம் நாள்தோறும் கண்காணிக்கப்பட்டமையால் அது சாத்தியமாயிற்று. எடுபிடி வேலை என்று கருதியிருந்தால் அந்த இயங்குதளம் ஓர் ஆண்டுகூட நிலைத்திராது.

ஆங்கிலத்தில் இருந்தால் போதும், நிறுவத் துணிபவருக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரிந்தே இருக்கும் என்பது இன்னொரு வாதம். பெருங்குடிக் கண்ணாடி மாளிகைகளுக்குள் இருந்து பார்த்தால் அவ்வாறுதான் தோன்றும். அரசுப் பள்ளியில் கணினி ஆய்வகத்தைப் பொறுப்பேற்றிருக்கும் ஆசிரியரும், ஊராட்சி அலுவலகத்தில் பழைய கணினியோடு போராடும் எழுத்தரும் ஆங்கிலத்தில் ஒரு கட்டளையை அடிக்கத் தெரிந்தவர்கள்தாம். ஆனால் ‘இந்தப் படியில் உங்கள் கோப்புகள் அழிந்துபோகும்’ என்ற எச்சரிக்கையை அரைகுறையாகப் புரிந்துகொண்டு மேலே செல்லுமாறு அவர்களை விடுவது தர்மமாகாது. டெபியனின் நிறுவும் நிரல் தமிழிலும் பேசும். 2007-இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து படவடிவில் இயங்கும் நிறுவும் நிரல் அதில் உண்டு, அந்த வடிவில்தான் தமிழ் கிடைக்கும். எழுத்து வடிவில் இயங்கும் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தால் மொழிப் பட்டியலில் தமிழ் இராது. காரணம், கொம்பும் காலும் சேர்த்து உயிர்மெய்யை உருவாக்கிக் காட்டும் ஆற்றல் அந்தத் திரைக்கு இல்லை என்பதே. தமிழ் வேண்டுமென்றால் முதல் திரையிலேயே படவடிவ நிறுவலைத் தேர்ந்தெடுங்கள் என்று ஒரு தமிழ்க் கையேடு முதல் வரியில் சொல்லவேண்டாமா? சொல்லாவிட்டால், பல ஆண்டுகளாகச் சம்பளமின்றி உழைத்துத் தமிழாக்கம் செய்தவர்களின் கைங்கரியம் வாசகர் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

தமிழில் எழுதுவோர் இல்லாமல் இல்லை. 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் இதழும், சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் கூடிவந்த லினக்ஸ் பயனர் குழுக்களும் செய்த பணியை நன்றியோடு எண்ணிப் பார்க்கிறேன். குறை ஆர்வத்தில் இல்லை. நம் பழக்கத்தில் இருக்கிறது. ஒரு நூலை வெளியிடுவதற்கு விழா எடுக்கிறோம். அதன் மூன்றாம் ஆண்டுத் திருத்தத்துக்கு ஒரு நன்றிகூடச் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் ஒரு கையேடு பழுதாகிவிட்டால் அதை மறுத்துச் சொல்ல வேறு பத்துக் கையேடுகள் பக்கத்திலேயே இருக்கின்றன. தமிழில் ஒரு பொருளைப் பற்றி இருப்பதே ஒன்றோ இரண்டோ. அது பழுதாகிவிட்டால் மறுக்க ஆள் இல்லாமையால் பழுதே பிரமாணமாகிவிடுகிறது. டெபியனின் நிறுவல் கையேட்டை மொழிபெயர்ப்போர் இதற்கு ஓர் உபாயம் வைத்திருக்கிறார்கள். ஆங்கில மூலத்தில் ஒரு பத்தி மாறினால், அதன் மொழிபெயர்ப்பில் உடனே ஐயக்குறி விழுந்துவிடும். மொழிபெயர்ப்பாளர் வந்து சரிபார்க்கும் வரையில் பழைய மொழிபெயர்ப்புக்குப் பதிலாக ஆங்கிலப் பத்தியே வாசகருக்குத் தோன்றும். தப்பான தாய்மொழியைவிடச் சரியான அந்நிய மொழி மேல் என்று, நமக்குக் கசப்பான அந்தத் தீர்மானத்தை அவர்கள் எடுத்திருப்பதன் காரணம், எதிரே இருப்பது இலக்கியம் படிக்கும் ரசிகர் அல்லர், விரலை என்டர் விசையின் மேல் வைத்திருக்கும் மனிதர் என்பதே. தனிக் கட்டுரைகளாக எழுதப்பட்ட நம் தமிழ்க் கையேடுகளுக்கு அத்தகைய ஐயக்குறி எதுவும் இல்லை.

காணொளி இருக்கிறதே என்பார்கள். கை செய்வதைக் கண்ணால் காண்பதில் தைரியம் பிறக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருபது நிமிஷக் காணொளியின் எட்டாவது நிமிஷத்தில் ஒரு கட்டளை தவறாகிவிட்டால் அதை மட்டும் திருத்த வழியில்லை. முழுவதையும் மறுபடி எடுக்கவேண்டும், ஒருவரும் எடுப்பதில்லை.

இவை எல்லாவற்றையும்விட இப்போது பலமாக ஒலிப்பது, செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, அதைக் கேட்டால் அதுவே சொல்லிவிடும் என்ற வாதம். அது எங்கிருந்து சொல்கிறது? மனிதர் எழுதி வைத்தவற்றைப் படித்தே சொல்கிறது. பத்தாண்டுகளாகப் பல்லாயிரம் பக்கங்களில் ‘செக்யூர் பூட்டை நிறுத்துங்கள்’ என்று எழுதியிருக்க, பிறகு மாறியதைச் சில பக்கங்களே சொல்லுமானால், கேட்பவருக்கு எது முதலில் வந்து விழும் என்பதை ஊகிப்பது கடினமன்று. பழைய அறிவுரையைத் திருத்தமான நடையில், கேட்ட மொழியில், தயக்கமின்றி அது எடுத்துச் சொல்லும்போது வாசகருக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் நீங்கிவிடுகிறது. அந்த இயந்திரம் ஒருபோதும் ஒரு மடிக்கணினியின் முன் உட்கார்ந்து, எஃப்2 விசையை அழுத்தி, பயாஸ் திரை எப்படி இருக்கிறது என்று பார்த்ததில்லை. பார்த்தவர் எழுதினால்தான் அதுவும் சரியாகச் சொல்லும். ஆதலால் புதுப்பித்த கையேட்டின் அவசியம் அதனால் குறையவில்லை, பன்மடங்கு பெருகியிருக்கிறது. ஒரு பக்கத்தில் இருக்கும் பிழை இனி அந்தப் பக்கத்தைத் திறந்தவரோடு நிற்காது.

பெருங்குடி நிறுவனங்களிடம் நான் கோருவது தர்மம் அன்று. அவற்றின் சர்வர்கள் இயங்குவது பெரும்பாலும் லினக்ஸில். ஈட்டும் வருமானத்தில் கட்டற்ற மென்பொருளுக்கு உள்ள பங்கை அங்கே உள்ள எந்தப் பொறியாளரும் மறுக்கமாட்டார். ஆண்டுதோறும் கழித்துவிடும் மடிக்கணினிகளில் வகைக்கு ஒன்றாகச் சிலவற்றை ஓர் அறையில் வைத்துக்கொண்டு, டெபியனோ உபுண்டுவோ பாஸோ ஒரு புதிய பதிப்பை வெளியிடும்போது, அனுபவமுள்ள பொறியாளர் ஒருவருக்கு ஒரு வாரம் அலுவலக நேரத்திலேயே ஒதுக்கி, தமிழ்க் கையேட்டின் ஒவ்வொரு படியையும் அந்தக் கணினிகளில் செய்து பார்க்கச் சொல்லட்டும். அந்த ஒரு வாரத்தை அவருடைய ஆண்டு மதிப்பீட்டில், நிரல் எழுதியதற்குச் சமமாகவே எண்ணட்டும். கையேட்டின் தலைப்பில் எந்தப் பதிப்பு, எந்தக் கணினி, எந்தத் தேதியில் யார் செய்து பார்த்தார் என்ற நான்கு விவரங்களும் இடம்பெறட்டும். எண்ணை மாற்றியவரின் பெயர் அங்கே வரலாகாது. நிறுவிப் பார்த்தவரின் பெயரே வரவேண்டும்.

செய்து பார்க்க ஆள் கிடைக்காத பழைய கையேடுகளை என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. தமிழில் இருப்பதே கொஞ்சம், அதையும் எடுத்துவிடுவதா என்று வருந்துவோரின் மனம் எனக்குத் தெரியும். அந்த வருத்தத்தில் எனக்கும் பங்கு உண்டு. அழிக்கவேண்டாம். இன்ன பதிப்புக்கு, இன்ன ஆண்டில் எழுதியது, இன்றைய கணினியில் இதன்படி செய்யாதீர்கள் என்று முதல் வரியில் பெரிய எழுத்தில் போட்டு, கட்டளைகள் உள்ள வரிகளைப் படி எடுத்து ஒட்ட முடியாதபடி செய்து, பழம்பதிப்புகளின் வரிசையில் வைத்துவிட வேண்டும். நம் கட்டற்ற ஆக்கங்களின் உரிமமே எவரும் திருத்தலாம் என்று இடம் கொடுத்திருப்பதால், எழுதியவரைத் தேடிப் பிடித்து அனுமதி கேட்கும் சிரமமும் இதில் இல்லை.